‘சர்வர் ஸ்லோ’ என்றால், எந்த சர்வர்?

சித்தூரிலோ திருப்பதியிலோ ஏதாவது ஓர் அலுவலகக் கவுன்ட்டரில் நின்று பழகியவருக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்: “சர்வர் ஸ்லோ சார், கொஞ்ச நேரம் உட்காருங்க.” தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் முதல் இரண்டு சொற்கள் மாறுவதில்லை. உட்காருகிறவர் “எந்த சர்வர்?” என்று கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை, கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவருக்கும் அது தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது பழைய பேச்சு. இங்கே வரம் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதே யாருக்கும் தெரிவதில்லை.

ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. திருப்பதி ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரயில்வே முன்பதிவு முழுவதும் ஒரே பெரிய கணினியில் நடக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் உண்டு. ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் உருவாக்கிய ‘கன்செர்ட்’ மென்பொருளின் வழியாக இந்த ஐந்தும் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. திருப்பதியும் சித்தூரும் குண்டக்கல் கோட்டத்தில், செகந்திராபாத் மையத்தோடு வளர்ந்தவை. பக்கத்திலிருக்கும் காட்பாடியோ தெற்கு ரயில்வே, சென்னை மையம். திருப்பதியில் நின்றுகொண்டு சென்னை மையத்தின் பொறுப்பிலுள்ள ரயிலுக்கு டிக்கெட் கேட்டால், அந்தக் கேள்வி ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குப் போய்த் திரும்புகிறது. பயணியின் கைக்கு வருவது ஒரே ஒரு சீட்டு.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் பாராட்ட வேண்டும். இடமில்லை என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கணக்கில் இல்லை என்பதையும் அது சொல்கிறது. ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொது ஒதுக்கீட்டுக் காத்திருப்பு. ஆர்எல்டபிள்யூஎல் என்றால் இடையிலுள்ள ஊர்களுக்கான தனி ஒதுக்கீடு. பிக்யூடபிள்யூஎல் என்றால் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒதுக்கீடு. இதைப் படிக்க ரேணிகுண்டாவிலோ பாகாலாவிலோ எவரும் டியூஷனுக்குப் போனதில்லை. “ஆர்எல்லா? கன்ஃபர்ம் ஆகறது கஷ்டம்” என்று பிளாட்பாரத்து டீக்கடையிலேயே தீர்ப்பு வந்துவிடும். உள்வேலையைக் காட்டினால் சாதாரண மக்களுக்குப் புரியாது என்று சொல்லும் அதிகாரிகள் ஒருமுறை அந்த டீக்கடைக்குப் போய்வரலாம்.

ரேஷனிலும் கேள்வி ஊர் தாண்டிப் போகிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் மாநிலம் விட்டு மாநிலம் பொருள் வாங்கும் வசதி முதலில் 2019 ஆகஸ்டில் ஆந்திரா–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரா ஜோடிகளில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சித்தூர்க்காரர் ஒருவர் ராணிப்பேட்டைக்கு வேலைக்கு வந்து அங்குள்ள கடையில் விரல் வைத்தால், அவருடைய பங்கு மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வி மாநில எல்லையைக் கடந்து போய்வர வேண்டும். சித்தூர் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. வடஆர்க்காட்டிலிருந்து 1911-இல் பிரிந்தபோதும், 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் சத்தியவேடு ஆந்திரப் பக்கமும் போனபோதும், 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோதும் காகிதங்கள் கட்டுக்கட்டாக வீடு மாறின. எல்லாப் பதிவையும் ஒரே வீட்டில் வைப்பது என்பது இந்த மண்ணில் என்றுமே நடந்ததில்லை.

இப்படி ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மட்டும் எல்லாம் ஒன்றுபோலத் தெரியச் செய்யும் ஏற்பாட்டைக் கூட்டாட்சித் தரவுத்தளம் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்டிவைப்பதைவிடப் பாதுகாப்பானது; துறைகளின் அதிகாரமும் அப்படியே இருக்கும். இதில் குறை ஒன்றுதான்: பதில் வருகிறது, அது வந்த வழி தெரிவதில்லை. அந்த வழியைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை, கேள்வி கேட்கும் துறைக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

வழி என்று இங்கே சொல்வது, கணினிக்காரர்கள் ‘க்வெரி பிளான்’ என்று அழைப்பதைத்தான். தரவுத்தளத்திடம் ஒரு கேள்வியைக் கொடுத்தால் அது உடனே தேடக் கிளம்புவதில்லை. எந்த அட்டவணையை முதலில் தொடுவது, இண்டெக்ஸ் வழியாகப் போவதா முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புரட்டுவதா, இரண்டு அட்டவணைகளை எப்படிப் பொருத்துவது என்று ஒரு திட்டம் போட்டுக்கொள்கிறது. ஒரே கேள்விக்கு ஒரு பிளானில் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வரும். இன்னொரு பிளானில் டீ குடித்துவிட்டு வரலாம். கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால், தரவுத்தளம் தன் பிளானைக் காட்டிவிடும். காசில்லாமல் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தொடங்கி விலை உயர்ந்த ஆரக்கிள் வரை, எழுதும் முறை கொஞ்சம் மாறினாலும், எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. கேள்வி வேலியைத் தாண்டி அடுத்த சர்வருக்குப் போகும்போதுதான் திரை விழுகிறது.

உள்ளூர் விஷயம் ஒன்றை வைத்தே பார்க்கலாம். 2025 கோடையில் சித்தூர் வட்டாரத்தில் தோத்தாபுரி, அதாவது ஊரார் வாயில் பெங்களூரா மாங்காயின் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வழி செய்வோம் என்றது ஆந்திர அரசு: கூழ் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய். இப்படி ஒரு மானியம் சரியான கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஆலையின் எடைச் சீட்டு, பயிர்ப் பதிவு, நில ஆவணம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். பேச்சுக்கு, எடைச் சீட்டுகள் சித்தூரில் ஒரு தரவுத்தளத்திலும் பயிர்ப் பதிவு திருப்பதியில் இன்னொன்றிலும் இருப்பதாகவும், இரண்டும் போஸ்ட்கிரெஸ் என்றும் வைத்துக்கொள்வோம். அரசின் உண்மையான அமைப்பு இப்படித்தான் என்பதல்ல. கணக்குப் பார்க்க ஓர் உதாரணம், அவ்வளவே.

திருப்பதியில் உட்கார்ந்திருப்பவர், கடந்த 30 நாளில் ஆலைக்குக் காய் போட்டவர்கள் யார் என்று கேட்கிறார். இரண்டு போஸ்ட்கிரெஸ்களை இணைக்கும் ‘போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ’ என்ற கருவி 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அது இந்தக் கேள்வியைச் சித்தூருக்கு எடுத்துப் போகும். எடுத்துப் போவதில் ஒரு வில்லங்கம் உண்டு. ‘இன்றிலிருந்து 30 நாள்’ என்பதில் உள்ள ‘இன்று’, சர்வருக்கு சர்வர் மாறக்கூடியது என்பதால் அந்த நிபந்தனையை அது அனுப்பாது. சித்தூரிலிருந்து எடைச் சீட்டு அட்டவணை முழுவதையும், போன வருடம் அதற்கு முந்தின வருடம் என்று பார்க்காமல், வழக்கப்படி நூறு நூறு வரியாக வாங்கி, திருப்பதியில் வைத்துச் சலிக்கும். ‘2025 ஜூன் 1-க்குப் பிறகு’ என்று தேதியை நேராக எழுதியிருந்தால் நிபந்தனையும் சேர்ந்தே போயிருக்கும்; தேவையான சீட்டுகள் மட்டும் வந்திருக்கும்.

இந்த வில்லங்கத்தையாவது திருப்பதியிலிருந்தே பிடித்துவிடலாம். விரிவான எக்ஸ்பிளெய்ன் கேட்டால் ‘ஃபாரின் ஸ்கேன்’ என்று ஒரு வரியும், அதன் கீழே ‘ரிமோட் எஸ்க்யூஎல்’ என்று அனுப்பிய கேள்வியின் வாசகமும் வரும். வாசகத்தில் தேதி இல்லை என்றால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் அதற்குக் கீழே எதுவும் இல்லை. கேட்டது என்ன என்பது தெரிகிறது. சித்தூர் அதை எப்படித் தேடியது என்பது தெரியவில்லை.

இரண்டாவது வில்லங்கம் அந்த இருட்டில்தான் இருக்கிறது. தேதியைத் திருத்திய பிறகும் கேள்வி இழுக்கிறது. திருப்பதிக்காரர் சித்தூருக்கு போன் போடுகிறார். சித்தூர்க்காரர் அதே வாசகத்தைத் தன் சர்வரில் நேரடியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, “இங்கே நொடியில் வருது, உங்க லைன்ல பாருங்க” என்கிறார். லைன் போட்டவரைக் கூப்பிட்டால், லைன் சுத்தம். மூன்று பேரும் நேர்மையானவர்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மை.

நடப்பது இதுதான். எஃப்டிடபிள்யூ கேள்வியை அப்படியே ஓட்டுவதில்லை. ‘கர்சர்’ என்ற ஒன்றைத் திறந்து, பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. கர்சர் என்றாலே போஸ்ட்கிரெஸ் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடும். ஒன்று, பல பிராசசர்களைச் சேர்த்து வேலை வாங்கும் பேரலல் பிளானை அங்கே போடவே போடாது. இரண்டு, கேட்பவர் மொத்த பதிலில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கப் போகிறார் என்று, வேறு மாதிரி மாற்றி வைக்காதவரை, அனுமானித்துக்கொள்ளும். முதல் சில வரிகளைச் சீக்கிரம் தரும் பிளானை விரும்பும், கடைசி வரி வர எவ்வளவு நேரமானாலும் சரி என்று. சித்தூர்க்காரர் நேரடியாக ஓட்டியபோது இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை. ஆக, ஒரே சர்வரில் ஒரே கேள்வி, ஆனால் இரண்டு பிளான். திருப்பதியின் கேள்விக்குச் சித்தூர் உண்மையில் போட்ட பிளானைப் பார்க்காதவரை இந்தச் சண்டை ஓயாது. தொலைவுச் சர்வரில் ‘ஆட்டோ எக்ஸ்பிளெய்ன்’ என்ற கருவியை முடுக்கிவைத்திருந்தால், குறித்த நேரத்துக்கு மேல் ஓடிய கேள்விகளின் பிளான் அங்குள்ள பதிவேட்டில் விழும். 2009-லிருந்து இருக்கும் கருவிதான். யாராவது முடுக்க வேண்டும். முடுக்கியவர் பதிவேட்டை அடுத்த துறைக்குக் காட்டவும் வேண்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. தொலைவுச் சர்வரின் செலவு மதிப்பீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எஃப்டிடபிள்யூவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், பிளான் போடும்போதே அது அடுத்த சர்வருக்கு எக்ஸ்பிளெய்ன் அனுப்புகிறது. சித்தூரின் பிளான், எல்லா வரிகளோடும், திருப்பதிக்கு வந்தும் விடுகிறது. எஃப்டிடபிள்யூ அதில் முதல் வரியிலுள்ள எண்களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் எவ்வளவு பணம் என்பதை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடும் பிள்ளையைப் போல. அந்த அமைப்பை இயக்காவிட்டால் இன்னும் மோசம்: தொடங்குவதற்கு 100, வரிக்கு இவ்வளவு என்று ஒரு குத்துமதிப்புத்தான். அந்த வரிச் செலவும் 17-ஆம் பதிப்பில் 0.01-இலிருந்து 0.2 ஆக, ஒரே தாவலில் இருபது மடங்கு ஏறியது. இத்தனை வருடம் வலைப்பின்னலின் செலவு எவ்வளவு குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மற்றவர்களும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ‘ரிமோட் க்வெரி’ என்று ஒரு பெட்டியைப் படம் போட்டுக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஆரக்கிள் ‘ரிமோட்’ என்று எழுதி, அனுப்பிய வாசகத்தைக் கீழே தரும். கேள்வியில் வரும் எல்லா அட்டவணைகளும் ஒரே தொலைவுச் சர்வரில் இருந்தால் மட்டும் அங்குள்ள பிளான் முழுதாகத் தெரியும். விதிவிலக்கு சைட்டஸ். ஒரு பெரிய அட்டவணையைத் துண்டுபோட்டுப் பல போஸ்ட்கிரெஸ் சர்வர்களில் பரப்பும் நீட்சி அது. வழக்கமாக 32 துண்டுகள். எக்ஸ்பிளெய்ன் கேட்டால், முப்பத்திரண்டில் ஒன்று என்று சொல்லி, அந்தத் துண்டு எந்த சர்வரில் எப்படித் தேடப்படுகிறது என்பதை வரி வரியாக விரித்துவிடும். கேட்டால் முப்பத்திரண்டையும் காட்டும். சைட்டஸால் முடிகிற ஒன்று மற்றவர்களால் ஏன் முடியவில்லை? சைட்டஸில் எல்லா சர்வருக்கும் முதலாளி ஒருவரே. கூட்டாட்சியில் ஆளுக்கொரு முதலாளி. தடை கணினியில் இல்லை.

இந்தத் தகராறு பழையதுதான். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் ‘ஆர் ஸ்டார்’ என்ற பகிர்வுத் தரவுத்தளத்தைக் கட்டினார்கள். சென்னை ஐஐடியில் 1977-இல் பட்டம் பெற்ற சி. மோகன் அதில் முக்கியப் பங்காற்றியவர். அங்கே கேள்வி வந்த தளம் மொத்தத் திட்டத்தைப் போடும். ஒவ்வொரு தளமும் தன் பங்குக்கான நுணுக்கத்தைத் தானே தீர்மானிக்கும். தளத்தின் தன்னாட்சி என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள், பெருமைக்குரியதும்தான். தன்னாட்சி உள்ளவர் தன் கணக்கைக் காட்ட வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் அப்படியே நமக்கு விட்டுவைத்தார்கள்.

பிளான் எவ்வளவு நிலையற்றது என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் ஜெயந்த் ஹரித்சாவின் குழு ‘பிகாஸோ’ என்ற கருவியை உருவாக்கி, 2005-இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. ஒரே கேள்வியின் நிபந்தனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் எந்த பிளான் என்று நிறம் தீட்டினார்கள். பெரிய நிறுவனங்களின் தரவுத்தளங்கள் போட்ட படங்கள் நவீன ஓவியங்கள் மாதிரி சில்லுச் சில்லாக இருந்தன. அதனால்தான் அந்தப் பெயர். நிபந்தனையில் ஒரு சிறு அசைவு, பிளான் தாவிவிடுகிறது. காலையில் நன்றாக ஓடியது மதியம் ஏன் படுத்துவிட்டது என்று அடுத்த துறையிடம் மறுநாள் கேட்டு என்ன பயன்? மறுநாள் பிளான் வேறாக இருக்கலாம்.

எதிர்வாதங்கள் உண்டு, ஒன்று வலுவானது. பிளானில் உத்தேச வரிக் கணக்குகள் இருக்கும். நிபந்தனையை மாற்றி மாற்றி எக்ஸ்பிளெய்ன் கேட்டால், தரவைப் பார்க்காமலே தரவைப் பற்றி ஊகிக்க முடியும். வெறும் பயம் இல்லை இது. அனுமதி இல்லாதவருக்கும் புள்ளிவிவரம் கசிய வழிவிட்ட ஓர் ஓட்டையைப் போஸ்ட்கிரெஸ் 2017 மே மாதம் அடைக்க வேண்டியிருந்தது. மருத்துவமனைப் பதிவோ காவல்துறைப் பதிவோ இருக்கும் இடத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் இதற்கு மருந்தும் எக்ஸ்பிளெய்னிலேயே இருக்கிறது: செலவை மறை என்றால் எண்கள் போய், பிளானின் எலும்புக்கூடு மட்டும் நிற்கும். இண்டெக்ஸா முழுப் புரட்டலா என்பது தெரிய அது போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒரு கேள்வியை ஓட்ட என்ன அனுமதி வேண்டுமோ அதே அனுமதிதான் அதை எக்ஸ்பிளெய்ன் செய்யவும் வேண்டும். தரவையே வாங்கிப் போகிறவருக்கு அது வந்த வழியை மறைப்பதில் என்ன ரகசியம் காப்பாற்றப்படுகிறது?

சர்வருக்குச் சுமை என்பது மற்றொரு வாதம். ஒவ்வொரு கேள்விக்கும் பிளான் காட்டச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இழுக்கும்போது கேட்டால் போதும்.

மத்திய அரசு 2015-இல் திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கு அரசு அலுவலகங்களின் கதவு அதிலிருந்து இன்னும் அகலமாகத் திறந்தது. அந்தக் கொள்கையின் பலனை முழுதாக எடுக்க, துறைகள் தமக்குள் போடும் தரவுப் பகிர்வு ஒப்பந்தங்களில் சில வரிகள் சேர்த்தாலே போதும்: கேட்கும் துறையின் பயனருக்கு எக்ஸ்பிளெய்ன் தடை செய்யப்படக் கூடாது, குறித்த நேரத்தைத் தாண்டிய கேள்விகளின் பிளான், எண்கள் நீக்கியாவது, கேட்டவருக்குப் போக வேண்டும், வந்த கேள்வி எந்த அலுவலகத்தின் எந்த மென்பொருளிலிருந்து வந்தது என்பது பதிவாக வேண்டும். கடைசியதற்கு எஃப்டிடபிள்யூவில் 15-ஆம் பதிப்பிலிருந்தே தனி வசதி இருக்கிறது. டெண்டரில் ‘99 சதவீத நேரம் சர்வர் இயங்க வேண்டும்’ என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும்.

கருவிப் பக்கமும் வழி திறந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18, வெளியார் எழுதும் நீட்சிகளும் எக்ஸ்பிளெய்னுக்குள் புதிய விருப்பங்களைச் சேர்க்கலாம் என்று அனுமதித்துவிட்டது. ‘ஃபாரின் ஸ்கேன்’ வரிக்குக் கீழே அடுத்த சர்வரின் பிளானையும் அச்சிடும் ஒரு நீட்சியை எழுதுவது, ஏர்ப்பேட்டில் இருக்கும் திருப்பதி ஐஐடி மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் புராஜெக்டாகப் பொருந்தும் அளவு வேலை. கவனிக்க வேண்டியவை சில. அடுத்த சர்வரிடம் வெறும் கேள்விக்கு எக்ஸ்பிளெய்ன் கேட்டால் போதாது; கர்சரோடு சேர்த்துக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சண்டைதான். இரண்டு பக்கப் பதிப்புகளும் வேறாக இருக்கலாம். புதிய சர்வர் அனுப்பும் விருப்பத்தைப் பழைய சர்வர் புரிந்துகொள்ளாமல் பிழை சொன்னால், உள்ளூர் பிளானையாவது காட்டிவிட்டு மேலே போக வேண்டும். கேள்வியை ஓட்டி நேரம் அளக்கும் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ஐ மட்டும் தொலைவுக்கு அனுப்பக் கூடாது. அங்கே அது கேள்வியை இன்னொரு தடவை உண்மையாகவே ஓட்டிவிடும். படிக்கும் கேள்வியானால் சுமை இரட்டிக்கும், திருத்தும் கேள்வியானால் பெங்களூரா விவசாயியின் 4 ரூபாய் கணக்கில் இரண்டு தடவை ஏறிவிடும்.